குளிர் தேசத்து வீட்டுத் தோட்டத்தில் எக்கினேசியா: விதை முதல் நான்காம் ஆண்டு வரை முழு வழிகாட்டி

சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் வீடு வாங்கிய முதல் கோடை. ஜூலை மாதத்தில் ஒரு கடையின் தோட்டப் பிரிவில், ஆரஞ்சு நிறத்தில் அடுக்கடுக்காகப் பூத்து நின்ற ஆறு எக்கினேசியாத் தொட்டிகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆறையும் வாங்கி வந்து வாசலோரம் நட்டேன். அக்டோபர் வரை பூத்தன. அடுத்த வசந்தத்தில் நான்கு முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அடித்தண்டு கறுத்துப்போய், விரலால் அழுத்தியதும் கூழாகப் பிதுங்கியது. மீதி இரண்டும் அதற்கடுத்த குளிரில் போய்விட்டன.

குளிர்தான் கொன்றது என்று அப்போது நினைத்தேன். அது தப்பு. மைனஸ் 30 டிகிரி செல்சியஸையும் தாங்கும் செடி இது. கொன்றது, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கிய ஈரம். இன்னொரு காரணம் நான்: வேர் பிடிக்க நேரம் கொடுக்காமல் முதல் வருஷமே பூக்கவிட்டேன். இந்த இரண்டையும் புரிந்துகொண்ட பிறகு என் தோட்டத்தில் எக்கினேசியா சாவது அபூர்வமாகிவிட்டது. இன்றைக்கு இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூர்கள் நிற்கின்றன. கீழே சொல்வது இலினாய் களிமண்ணில் கற்றது. டொராண்டோ, மிச்சிகன், ஒகையோ பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

முதலில் செடியைப் பாருங்கள்

இங்கே எல்லாரும் கோன்ஃப்ளவர் என்பார்கள். சூரியகாந்தி, சாமந்தி, செண்டுமல்லி எல்லாம் சேர்ந்த குடும்பம். ஒன்பது, பத்து இனங்கள் உண்டு. எல்லாமே வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப்பகுதி மண்ணுக்குச் சொந்தமானவை. வேறெந்தக் கண்டத்திலும் இயற்கையாக வளர்வதில்லை. இலினாயின் பழைய புல்வெளிகளில் இரண்டு மூன்று இனங்கள் இன்றும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், லைல் ஊரில் மார்ட்டன் ஆர்போரிட்டம் என்ற மரப் பூங்காவுக்குள் 1962 முதல் மறுபடி உருவாக்கிய ஷூலன்பர்க் புல்வெளி இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். இந்தச் செடி யாருடைய தயவும் இல்லாமல் எப்படி நிற்கும் என்பது கண்ணில் பதிந்துவிடும்.

அப்பா நிலக்கோட்டையில் மல்லிகையும் செண்டுமல்லியும் பயிரிட்டவர். ஒரு கோடையில் இங்கே வந்திருந்தபோது பூவின் நடுவில் கையை வைத்துவிட்டு, “ஏந்தாயி, பூவுன்னு தொட்டா முள்ளம்பன்றியாட்டம் குத்துதே!” என்றார். 1794இல் மோன்ஹ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் எக்கினேசியா என்று பெயர் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். கிரேக்கத்தில் ‘எக்கினோஸ்’ என்றால் முள்ளெலி.

வெளியே தொங்கும் இதழ்கள் மலட்டுப் பூக்கள். வண்டுகளைக் கூப்பிடுவது மட்டுமே அவற்றின் வேலை. உண்மையான பூக்கள் அந்த முள் கூம்புக்குள் நூற்றுக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஒரே பூவைத் தினமும் காலையில் குனிந்து பாருங்கள். கூம்பின் அடிவரிசையில் முதலில் மஞ்சள் மகரந்தம் ஒரு வளையமாகத் தெரியும். மறுநாள் அந்த வளையம் ஒரு வரிசை மேலே ஏறியிருக்கும். இப்படி வாரக்கணக்கில் ஏறி உச்சியைத் தொடும். பெருந்தேனீ ஒன்று வந்து உட்கார்ந்தால், அந்த வளையத்தின் மேலேயே கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். ஒரு பூ மூன்று நான்கு வாரம் நிற்பதன் ரகசியம் இதுதான்.

இத்தனை நிறம் எங்கிருந்து வந்தது

இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்தச் செடியை எங்கே நடுவது என்பது புரியும். காட்டில் இந்தச் செடிகள் பெரும்பாலும் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான். விதிவிலக்கு, மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களின் ஓசார்க் மலைப்பகுதியில் வளரும் பாரடாக்ஸா என்ற இனம். அது பளிச்சென்ற மஞ்சள். இந்த மஞ்சளையும் சாதாரணமாகத் தோட்டங்களில் வளரும் பர்பூரியா இனத்தையும் சேர்த்து, சிகாகோ தாவரவியல் பூங்காவில் ஜிம் ஆல்ட் என்ற செடி வளர்ப்பாளர் ஆரஞ்சு நிறச் செடியை உருவாக்கினார். ‘ஆர்ட்ஸ் பிரைட்’ என்ற பெயரில் 2000களின் முற்பகுதியில் அது சந்தைக்கு வந்தது. அதன் பிறகு ஆரிகனிலும் நெதர்லாந்திலும் நாற்றுப்பண்ணைகள் போட்டி போட்டுக்கொண்டு சிவப்பு, மாம்பழ மஞ்சள், பச்சை என்று ரகம் ரகமாக இறக்கின.

பாரடாக்ஸா பாறை இடுக்கில், மண் குறைவாக, தண்ணீர் நிற்காத மேட்டில் வாழும் செடி. அந்தப் பழக்கம் அதன் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆரஞ்சும் மஞ்சளும் சிவப்பும் கேட்கிற வடிகால், சாதாரண இளஞ்சிவப்பு கேட்கிற வடிகாலைவிட ஒரு மடங்கு அதிகம். என் ஆறு செடிகளும் செத்தது இதனால்தான்.

எதை வாங்குவது

நான் சொல்லும் கணக்கு: பத்துச் செடி வைக்க இடம் இருந்தால் ஆறு பர்பூரியா, மூன்று கலப்பு நிறம் (பாரடாக்ஸா கலந்த ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு), மிஞ்சிப்போனால் ஒன்று அடுக்குப்பூ. இளஞ்சிவப்பும் வெள்ளையும் பின்னணியாக நின்றால்தான் நடுவே இருக்கும் ஆரஞ்சு கண்ணைப் பறிக்கும். வெறும் ஆரஞ்சாக நட்டால், வெயில் ஏற ஏற எல்லாம் சேர்ந்து பழுப்பேறிய பீச் நிறமாக வெளுத்துத் தெரியும்.

பர்பூரியாவில் ‘மேக்னஸ்’ நம்பி வாங்கலாம். இதழ் தொங்காமல் விரிந்து நிற்கும். 1998இல் அமெரிக்காவின் ‘ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி’ என்று தேர்வானது. வெள்ளைக்கு ‘வைட் ஸ்வான்’. விதையிலிருந்தே பல நிறம் வேண்டுமானால் ‘ஷயான் ஸ்பிரிட்’. ஒரே பாக்கெட்டில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கிரீம், ஊதா எல்லாம் கலந்து வரும். எந்த விதையில் எந்த நிறம் என்பது பூத்தால்தான் தெரியும். அந்த எதிர்பார்ப்பே ஒரு சந்தோஷம்.

டெலவேரில் உள்ள மவுண்ட் கியூபா மையம் 2018 முதல் 2020 வரை எக்கினேசியா ரகங்களை ஒரே இடத்தில் வளர்த்து ஒப்பிட்டது. அதில் முன்னணியில் வந்த ரகம் ‘பீக்கா பெல்லா’. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதிகம் வந்தது சாதாரணக் காட்டு பர்பூரியாவுக்கு. அடுக்குப்பூ ரகங்களுக்கு அவை மிகக் குறைவாகவே வந்தன. கூம்பிலுள்ள சிறு பூக்கள் இதழாக மாறிவிட்டால் மகரந்தமும் தேனும் எங்கிருந்து வரும்? பத்துக்கு ஒன்று என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கடையில் பூவைப் பார்க்காதீர்கள். ஒற்றைத் தண்டில் பெரிய பூவோடு நிற்கும் தொட்டியை விட்டுவிட்டு, பூவே இல்லாமல் அடியில் நாலைந்து குருத்து கிளம்பியிருக்கும் தொட்டியை எடுங்கள். மே மாதத்தில் வாங்குவது நல்லது. ஜூலைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம்.

மண்: இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. நிழலில் தண்டு நீண்டு, பூப் பாரம் தாங்காமல் சாயும்.

இடம் முடிவானதும் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் நேரடியாக நடலாம். காலையில் ஊற்றிய தண்ணீர் இரவு வரை நின்றால் மேட்டுப்பாத்திதான் வழி.

களிமண்ணில் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. நானும் செய்தேன். குழியை மட்டும் வெட்டி, அதற்குள் கடையில் வாங்கிய பஞ்சு மாதிரி மண்ணை நிரப்பி நடுவது. சுற்றிலும் களிமண் சுவர், நடுவில் பொலபொல மண். மழைத் தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஆக, செடியை ஒரு வாளிக்குள் நட்டது மாதிரிதான். மணலைக் கலந்தால் சரியாகும் என்று நினைத்து மணலும் சேர்க்காதீர்கள். களிமண்ணும் கொஞ்சம் மணலும் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்.

சரியான வழி: பாத்தி முழுவதையும் தோட்ட முட்கரண்டியால் கிளறி, இரண்டு மூன்று அங்குலம் மக்கிய இலை உரத்தைப் பரப்பிக் கலந்து, சுற்றியுள்ள தரையைவிட எட்டு அங்குலம் உயரமாக, நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் கூட்டுங்கள். ஊரில் மிளகாய்க்கும் செண்டுமல்லிக்கும் பார் போடுவோமே, அதே யோசனைதான். அப்பாதான் மண்வெட்டியை வாங்கி முதல் பாரைப் போட்டார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு செடிகூட அழுகவில்லை.

சாண உரம், ரசாயன உரம் எதுவும் தேவையில்லை. சத்து கூடினால் இலை கொழுத்து, தண்டு தளர்ந்து, பூ குறையும்.

விதையிலிருந்து வளர்க்க: பால் கேன் முறை

பர்பூரியா விதை குளிர்பதம் இல்லாமலும் முளைக்கும், ஆனால் குளிர் கிடைத்தால் ஒரே சீராக முளைக்கும். பாரடாக்ஸா போன்ற காட்டினங்களுக்கு இரண்டு மூன்று மாத ஈரக் குளிர் கட்டாயம். இங்கே குளிருக்கு என்ன பஞ்சம்? ஜனவரியில் இப்படிச் செய்யுங்கள்.

1. ஒரு கேலன் பால் கேனைக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். கைப்பிடிக்குக் கீழே சுற்றிலும் வெட்டி, ஒரு அங்குலம் மட்டும் வெட்டாமல் கீல் மாதிரி விடுங்கள்.

2. நான்கு அங்குல உயரத்துக்கு ஈரமான தொட்டி மண். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும்.

3. இருபது விதையைத் தூவி, கால் அங்குலம் மண்ணால் மூடி, கேனை மூடி டேப் ஒட்டுங்கள். திருகுமூடி மட்டும் வேண்டாம். மழையும் பனியும் அந்த வாய் வழியாக உள்ளே போகட்டும்.

4. ரகத்தின் பெயரை கேனின் அடியில் எழுதுங்கள். மேலே எழுதினால் வெயிலில் அழிந்துவிடும்.

5. வெயில் படும் இடத்தில், திறந்த வெளியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ஏப்ரலில் பச்சை தெரியும். பகலில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நாற்று வெந்துவிடும். முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு நான்கைந்து உண்மை இலை வந்ததும், மே கடைசியில் பாத்திக்கு மாற்றலாம். இப்படி வளர்ந்த நாற்று பெரும்பாலும் இரண்டாம் வருஷம்தான் பூக்கும். ‘ஷயான் ஸ்பிரிட்’டை பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விளக்குக்கு அடியில் விதைத்தால் அதே கோடையில் பூ பார்க்கலாம்.

நடுவதும் முதல் வருஷமும்

சிகாகோ பக்கம் மே மாதத்தின் நடுவில் கடைசி உறைபனி முடியும். அதற்குப் பிறகு நடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி. நட்டதும் பாத்தி காலியாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெருக்கினால் ஆகஸ்டில் இலையெல்லாம் சாம்பல் நோய்.

தொட்டியின் ஆழம்தான் குழியின் ஆழம். குருத்து கிளம்பும் கழுத்துப் பகுதி மண் மட்டத்துக்கு அரை அங்குலம் மேலே இருக்க வேண்டும். மண் பின்னால் அமுங்கும் என்பதால் இந்த அரை அங்குலம் முக்கியம். வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். மரத்தூள் மூடாக்கு இரண்டு அங்குலம் போதும். அதையும் கழுத்தைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள்.

முதல் கோடையில் வாரத்துக்கு ஒரு அங்குல மழை இல்லையென்றால், வாரம் இரண்டு முறை வேர் வரை நனையும்படி தண்ணீர். இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து கடும் வறட்சி வந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

இப்போது கஷ்டமான வேலை. நட்ட முதல் வருஷம் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும், முக்கியமாகக் கலப்பு நிறச் செடிகளில். ஆசையாக வாங்கிய ஆரஞ்சுச் செடியில் முதல் மொட்டு வரும்போது கை நடுங்கும், எனக்குத் தெரியும். நிறம் உறுதியாக்கிக்கொள்ள ஒரே ஒரு பூவை விடுங்கள். அது விரிந்ததும் அறுத்துக் குவளையில் வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் கிள்ளுங்கள். பூவுக்கும் விதைக்கும் போகவேண்டிய சத்து அடியில் புதுக் குருத்துகளாக மாறும். அக்டோபரில் தூரைச் சுற்றி நான்கைந்து சின்ன இலைக்கொத்து தெரிந்தால் அந்தச் செடி குளிரைத் தாண்டிவிடும் என்று தைரியமாக இருக்கலாம். ஒற்றைத் தண்டோடு குளிருக்குள் போகும் செடிதான் பெரும்பாலும் திரும்பி வராது.

நோயும் பூச்சியும்

முயல் இளங்குருத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டடி உயரக் கோழிவலையை வளையமாகச் சுற்றுங்கள். ஜப்பான் வண்டு ஜூன் கடைசியில் வரும். விடியற்காலையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பூவுக்கு அடியில் பிடித்துத் தட்டினால் மந்தமாக விழும். வண்டுப் பொறி மாட்டாதீர்கள், அது பக்கத்துத் தெரு வண்டையும் அழைத்து வரும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ‘ஆஸ்டர் யெல்லோஸ்’ என்ற நோய். எள்ளுச் செடியில் பூ வரவேண்டிய இடத்தில் பச்சை இலையாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்புவதையும், கத்தரியில் சிற்றிலை நோயையும் ஊரில் பார்த்திருந்தால் இது உடனே புரியும். அதே வகைக் கிருமி, பைட்டோபிளாஸ்மா. அதே மாதிரி தத்துப்பூச்சி மூலம்தான் பரவுகிறது. இதழ் பச்சையாகும், கூம்பின் மேல் குட்டிக் குட்டி இலைப் பூக்கள் முளைக்கும், செடி குட்டையாகி வெளிறும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தால் சுற்றியுள்ள பத்துக்கும் போகும். மண்ணில் இந்தக் கிருமி தங்காது, அதே இடத்தில் புதுச்செடி வைக்கலாம்.

அவசரப்பட்டுப் பிடுங்கிவிடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் ஒன்றும் கூம்பின் மேல் கோணல்மாணலான கொத்தை உண்டாக்கும். வித்தியாசம் எளிது. இலையும் தண்டும் நல்ல பச்சையாக, செடி வழக்கமான உயரத்தில் இருந்து, ஒன்றிரண்டு கூம்பு மட்டும் கோணலாக இருந்தால் அது பேன். அந்தப் பூக்களை மட்டும் வெட்டிக் குப்பையில் போட்டால் போதும். செடி தப்பிக்கும்.

குளிர்காலம், வசந்தம்

ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வாடிய பூக்களை வெட்டினால் புதுமொட்டு வரும். அதன் பிறகு வெட்ட வேண்டாம். கூம்பு கறுத்துக் காயட்டும். செப்டம்பரில் கோல்ட்ஃபிஞ்ச் வரும், நம் ஊர்ச் சிட்டுக்குருவியைவிடச் சின்னது, மஞ்சள் தூக்கலான குருவி. தண்டு வளைய வளையக் கூம்பின் மேல் உட்கார்ந்து, முள்ளுக்கு நடுவே அலகை நுழைத்து விதையை இழுக்கும். உமி சிதறித் தரையில் கிடக்கும். அந்தக் காட்சிக்காகவே என் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

காய்ந்த தண்டுகளை ஏப்ரலில்தான் வெட்டுகிறேன், அதுவும் ஒரு அடிக்கு மேல் விட்டு. உள்ளே கூடு கட்டும் தனித்தேனீக்கள் உண்டு. குளிரிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று இலைக்குவியலால் தூரை மூடாதீர்கள், அடியில் ஈரம் தங்கி அழுகிவிடும்.

கலப்பு நிறங்கள் தாமதமாகவே முளைக்கும். பர்பூரியா ஒரு சாண் வளர்ந்து நிற்கும்போது ஆரஞ்சுக்கு ஒரு குருத்தும் இருக்காது. மே கடைசி வரை அந்த இடத்தில் மண்வெட்டி படக் கூடாது.

“என் ஆரஞ்சு இளஞ்சிவப்பாக மாறிவிட்டது”

மூன்றாம், நான்காம் வருஷத்தில் பல பேர் இப்படிச் சொல்வார்கள். செடி நிறம் மாறுவதில்லை. நடந்தது வேறு. ஆரஞ்சுச் செடி எப்போதோ போய்விட்டது. அதன் விதையோ பக்கத்துப் பர்பூரியாவின் விதையோ விழுந்து முளைத்த குட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கலப்புச் செடியின் விதை தாயைப் போல வராது.

இதைத் தடுக்க, ஒவ்வொரு கலப்புச் செடியின் பக்கத்திலும் பெயர்க்குச்சி நட்டு, வசந்தத்தில் அதைச் சுற்றி ஓரடிக்குள் முளைக்கும் குட்டிகளைப் பிடுங்கி வேறிடத்தில் வையுங்கள். ஈட்டி வடிவம், சொரசொரப்பு, மூன்று நரம்பு தெரியும் இலை என்றால் அது எக்கினேசியாக் குட்டி. கலப்பு நிறத்தின் விதைக் கூம்புகளை மட்டும் முன்னதாக அறுத்துவிடுவதும் நல்லது. பர்பூரியாத் தூர் பெருத்தால் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் பிரித்து நடலாம். பாரடாக்ஸாவுக்கு ஆணிவேர், அதைத் தோண்டிப் பிரிக்க வேண்டாம்.

ஊருக்கு விதை கொண்டுபோகலாமா?

அப்பா திரும்பும்போது ஒரு கூம்பை உருவிச் சட்டைப்பையில் போடப் பார்த்தார். வேண்டாம் என்றேன். இந்தியாவுக்கு விதை கொண்டுபோகத் தாவரச் சுகாதாரச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அப்படியே கொண்டுபோனாலும், குளிரில் தூங்கி எழும் செடி இது. நிலக்கோட்டை வெயிலில் அதற்குத் தூங்க நேரமே கிடையாது. சமவெளியில் இதே வண்ணக் கலவை வேண்டுமென்றால் ஜினியா போடுங்கள். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை எல்லாம் உண்டு, இரண்டு மாதத்தில் பூக்கும், வண்ணத்துப்பூச்சியும் வரும். அப்பா செண்டுமல்லி வரப்பின் ஓரத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, “உன் முள்ளம்பன்றிப் பூ இந்த வருஷம் முளைச்சிருச்சா தாயி?” என்று மே மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்.